பயணத்தில் படங்களை லேப்டாப்பில் கையாள்வது: கார்டிலிருந்து வீடு வரை, வரிசைப்படி

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து கர்நாடகத்தின் ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே என்று ஆறு நாள் போய்வருவோம். பகலில் படம் எடுப்பதில் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. சிக்கலெல்லாம் ராத்திரி லாட்ஜ் அறையில் லேப்டாப்பைத் திறந்த பிறகுதான்.

புதிதாக வருகிறவர்கள் சொல்லிவைத்த மாதிரி ஒரே தப்பைச் செய்கிறார்கள். கார்டைச் செருகியதும் அன்றைக்கு எடுத்ததில் நல்ல படம் எது என்று தேடி, கார்டிலிருந்தே திறந்து எடிட் பண்ண உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்தரை மணிக்குத் தூக்கம் வந்துவிடும். காப்பி எடுக்கும் வேலை நாளைக்கு என்று தள்ளிப்போகும். மறுநாள் அதே கார்டு கேமராவுக்குள் போகும். நான்காம் நாள் எந்தக் கார்டில் எது இருக்கிறது, எது ஏறியது, எது ஏறவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

முதலில் காப்பி, பிறகு சரிபார்ப்பு, பிறகு இரண்டாவது காப்பி. படத்தைப் பார்ப்பதும் பொறுக்குவதும் அதற்கப்புறம். எடிட்டிங் கடைசி, அதுவும் கொஞ்சமாக. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையின் விவரம்தான். 24 மெகாபிக்சல் கேமரா, 8 ஜிபி ரேம், 256 ஜிபி டிஸ்க் உள்ள சாதாரண விண்டோஸ் லேப்டாப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் முன்பே லேப்டாப்பில் இடம் பண்ணுங்கள்

இந்த வகைக் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா உள்ளது உள்ளபடி பதிவுசெய்யும் மூலப் படம்) 25 முதல் 30 எம்பி வரை வரும். ஒரு நாளைக்கு 400 படம் என்றால் 12 ஜிபி. ஆறு நாளுக்கு 72 ஜிபி. கூடவே ஜேபெக்கும் பதிவாகும்படி வைத்திருந்தால் இன்னும் 20 ஜிபி சேரும். எடிட்டிங் மென்பொருள் தனக்கென்று உண்டாக்கிக்கொள்ளும் பிரிவியூக்கள் வேறு. 120 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் இந்தக் கணக்கு போதாது.

விண்டோஸ் அப்டேட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு, பயண நாள்களுக்கு நிறுத்தி வையுங்கள். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆனதை ஒரு முறை பார்த்துவிட்டேன். அந்த ஒரு முறை போதும்.

சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருளாக இருந்தால் லாக்-இன் செய்து, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். மலையடிவாரத்து அறையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றால் ஓடிபி வரவும் சிக்னல் இருக்காது. இலவசமாக வேண்டும் என்றால் டார்க்டேபிள், டிஜிகாம், ரா தெரபி மூன்றும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் பயணத்தில் வைத்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒத்திகை. வீட்டு வாசலில் 20 படம் எடுத்து, காப்பியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வரை எல்லாவற்றையும் செய்து பாருங்கள். புதுக் கேமராவின் ரா ஃபைலைப் பழைய மென்பொருள் திறக்காது என்பதெல்லாம் இந்த ஒத்திகையில்தான் தெரியவரும்.

2. பையில் போக வேண்டியவை

யுஎஸ்பி 3.0 கார்டு ரீடர் ஒன்று. கேமராவையே கேபிளில் மாட்டிக் காப்பி எடுப்பவர்கள் உண்டு. அதில் கேமரா பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் கேமரா அணைந்தால் காப்பியும் அறுந்துபோகும். பழைய 2.0 ரீடரில் 12 ஜிபி ஏற ஏழெட்டு நிமிடமாவது ஆகும். 3.0 ரீடரில் நல்ல கார்டாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். களைத்து வந்த ராத்திரியில் அந்த ஐந்து நிமிடம் பெரிது.

ஒரே 256 ஜிபி கார்டைவிட 64 ஜிபி கார்டு நான்கு மேல். ஒன்று கெட்டாலோ தொலைந்தாலோ போவது ஒரு பங்குதான். ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டிக்கரில் எண் எழுதி ஒட்டுங்கள். ஸ்டிக்கர் விளிம்பைத் தாண்டினால் கேமராவுக்குள் மாட்டிக்கொள்ளும், கவனம்.

வெளி டிஸ்க் ஒன்று கட்டாயம், முடிந்தால் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது. ஓடும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதவிட்டால் ஒரு பள்ளம் போதும், கதை முடிந்துவிடும். வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து வையுங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் அதில் படிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ்ஸாக இருந்தால் மேக் படிக்குமே தவிர எழுதாது. ஃபேட் 32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, நீளமான வீடியோ அங்கே முட்டிக்கொள்ளும்.

பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பல லாட்ஜ் அறைகளில் உருப்படியான பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அதுவும் டிவிக்குப் பின்னால் தலைக்கு மேலே. லேப்டாப், கேமரா பேட்டரி, போன் மூன்றுக்கும் அது ஒன்றே கதி. ரயிலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பல ரயில்களில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்ட்டுக்கு மின்சாரம் விடுவதில்லை. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கையும் உபரி கேமரா பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்துவிடச் சொல்வார்கள்.

3. கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

எல்லா அடுக்கலும் பின்னால் நேரத்தை வைத்துத்தான் நடக்கும். இரண்டு கேமரா இருந்தால், அல்லது கேமராவும் போனும் சேர்த்து எடுப்பீர்கள் என்றால், இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஏழு நிமிடம் பிசகினாலே விட்டலர் கோயில் கல்தேர் படங்களுக்கு நடுவில் வேறு இடத்துப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிளம்பும் நாள் காலையில் போன் திரையில் நொடியோடு கடிகாரத்தைக் காட்டி, ஒவ்வொரு கேமராவாலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு பிசகு தெரிந்தால், எத்தனை நொடி என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். மொத்தமாக நேரத்தை நகர்த்த எடிட்டிங் மென்பொருளிலேயே வசதி உண்டு. வெளிநாடு போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கேமரா மாறாது.

4. அறைக்கு வந்ததும்: முதல் காப்பி

முதலில் லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டுங்கள். காப்பி நடுவில் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் பேட்டரிதான். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கேமராவின் மேலே இருக்கும் தூசியைத் துணியால் தட்டுங்கள். ஹம்பியில் நாள் முழுக்கச் சுற்றிய கேமராவின் கார்டு மூடியைச் சுற்றி மெல்லிய மண் படிந்திருக்கும். மூடியைத் திறந்த பிறகு துடைத்தால் அது உள்ளேதான் விழும்.

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டித் தாழ் இருக்கும். லேப்டாப்பில் செருகும் முன் அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கை தவறி டிலீட் அமுக்கினாலும் கார்டில் ஒன்றும் அழியாது. இதைப் பல வருடம் கேமரா வைத்திருப்பவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். காலையில் திரும்பத் திறந்துவிட மறந்தால் கேமரா எழுத மறுக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

லேப்டாப்பில் பயணத்துக்கென்று ஒரே ஒரு தாய் ஃபோல்டர். அதற்குள் நாளுக்கு ஒன்று: 2024-11-16, 2024-11-17 என்று வருடம் முதலில் வருகிற மாதிரி. நாள் முதலில் வந்தால் வரிசை கலைந்துவிடும். பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்க்கலாம். பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சில பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரை வெறும் கட்டங்களாகக் காட்டி, ஃபைலையே திறக்க மாட்டோம் என்கின்றன.

நாள் ஃபோல்டருக்குள் கார்டு எண்ணுக்கு ஒன்று, அதற்குள் படங்கள். ஏன் இவ்வளவு பிரிக்க வேண்டும்? கேமரா ஃபைல் பெயரில் நான்கு இலக்கம்தான் உண்டு. 9999-க்குப் பிறகு மறுபடி 0001 வரும். இரண்டு கேமராவில் ஒரே எண் வருவது சர்வ சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் 'ஏற்கெனவே இதே பெயரில் இருக்கிறது, மாற்றிவிடவா?' என்று கேட்கும். களைப்பில் 'சரி' அமுக்குவீர்கள். காலையில் எடுத்த ஒன்று சத்தமில்லாமல் போய்விடும்.

காப்பி மட்டும் செய்யுங்கள், கட் செய்து ஒட்டாதீர்கள். கட் செய்தால் கார்டில் இருப்பது கையோடு காலியாகிறது, நடுவில் கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் சந்தேகம். கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுங்கள், படம் படமாகத் தேர்ந்தெடுத்து எடுக்காதீர்கள். காப்பி ஓடும்போது குளித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் கார்டிலிருந்தே படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் காப்பி நொண்டும்.

5. ஏறிவிட்டதா என்று சரிபாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான்.

கார்டில் உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். லேப்டாப் ஃபோல்டரிலும் பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும், பைட் கணக்கில் சைஸும் ஒன்றாக இருக்க வேண்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி இருக்கும். அது டிஸ்க்குக்கு டிஸ்க் வேறுபடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு முறை பாதாமியில் ஒரு தம்பி கேட்டார்: "தம்ப்நெயில் எல்லாமே தெரியுதே அண்ணா, அப்புறம் என்ன பார்க்கணும்?" நியாயமான கேள்வி. ரா ஃபைலுக்குள் ஒரு சின்ன ஜேபெக் பதிந்திருக்கிறது. நாம் பார்க்கும் தம்ப்நெயில் பெரும்பாலும் அதுதான். உள்ளே இருக்கும் உண்மையான படத் தகவல் பாதியில் அறுந்திருந்தாலும் தம்ப்நெயில் அழகாகச் சிரிக்கும். அவருடைய படங்களில் பதினோரு படங்கள் அப்படி இருந்தன. எடிட்டிங் மென்பொருளில் திறந்தால் மேல் பாதி குகைத் தூண், கீழ்ப் பாதி சாம்பல் பட்டை. கார்டு அவரிடம் இன்னும் அழியாமல் இருந்ததால் திரும்ப எடுத்தோம். காரணம், ஆடிக்கொண்டிருந்த ரீடர்.

அதனால் முதல் படம், கடைசிப் படம், நடுவில் ஐந்தாறு படங்கள் என்று எடிட்டிங் மென்பொருளில் திறந்து 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். டெராகாப்பி போன்ற இலவச மென்பொருளில் காப்பி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் வெரிஃபை வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் இந்தக் கைவேலையில் பெரும்பகுதி மிச்சம்.

6. இரண்டாவது காப்பி, கார்டிலிருந்தே

வெளி டிஸ்க்குக்கு எடுக்கும் காப்பியை லேப்டாப்பிலிருந்து எடுக்காமல் மறுபடி கார்டிலிருந்தே எடுங்கள். லேப்டாப் காப்பியில் ஏதாவது பிசகு இருந்தால், அதிலிருந்து எடுக்கும் காப்பியிலும் அதே பிசகுதான் ஏறும். இரண்டு காப்பி இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். ஃபோல்டர் பெயர்கள் லேப்டாப்பில் உள்ளபடியே. முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை லேப்டாப் பையில் போடாதீர்கள். பை திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். துணிப் பெட்டிக்குள், அல்லது கூட வருபவரின் பையில் வையுங்கள். எங்கள் குழுவில் ஜோடி ஜோடியாக டிஸ்க்கை மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

கிளவுடில் ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 ஜிபி என்பது ஏறக்குறைய 96,000 மெகாபிட். அப்லோடு வேகம் நொடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால், ஐந்தேகால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவும் ஒரு நாளைய படங்களுக்கு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் உங்கள் மெயிலும் டிரைவும் சேர்ந்துதான் அடங்க வேண்டும். பயணத்தில் கிளவுடுக்கு, பொறுக்கிய இருபது ஜேபெக் போதும்.

7. கார்டை எப்போது ஃபார்மேட் செய்வது?

கார்டுகள் போதுமான அளவு இருந்தால் பயணம் முடியும் வரை செய்யவே வேண்டாம். கார்டே மூன்றாவது காப்பியாக இருந்துவிட்டுப் போகட்டும். நிரம்பிய கார்டை டப்பியில் முகம் கீழாகத் திருப்பி வையுங்கள். காலியானது முகம் மேலே. இருட்டில் தடவி எடுத்தாலும் தெரியும்.

வேறு வழியில்லை என்றால், இரண்டு காப்பியும் சரிபார்த்த பிறகு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். லேப்டாப்பில் செய்தால் கேமரா எதிர்பார்க்கும் அமைப்பு மாறிப்போக வாய்ப்புண்டு. ராத்திரி செய்யாதீர்கள். காலையில் காபி குடித்த பிறகு செய்யுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு மூன்றாம் எண் கார்டு என்று நினைத்து இரண்டாம் எண்ணை நான் ஃபார்மேட் செய்திருக்கிறேன். ஐஹொளே துர்க்கை கோயிலில் எடுத்தது முழுவதும் அதில்தான் இருந்தது.

அப்படி ஆகிவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மேட்டில் அழிவது பெரும்பாலும் பட்டியல்தான். படங்கள் அப்படியே கிடக்கும், மேலே புதிதாக எழுதினால்தான் போகும். கார்டைத் தாழிட்டுத் தனியே வைத்துவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மீட்டவற்றை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். எனக்குக் கிட்டத்தட்ட எல்லாமே கிடைத்தன, பழைய ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விட்டன. கடிகாரம் சரியாக இருந்ததால் நேரத்தை வைத்து அடுக்க முடிந்தது.

8. பொறுக்குவது

இப்போதுதான் படங்களைப் பார்க்கிறோம். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் சேர்க்கும்போது 'ஆட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கும், கேட்டலாக் என்ற அதன் பட்டியல் ஃபைலில் குறிப்பு மட்டும் ஏறும். 'மூவ்' கொடுத்தால் நீங்கள் அடுக்கிய ஃபோல்டர்கள் கலைந்துவிடும்.

முதல் சுற்றில் நல்லதைத் தேடாதீர்கள், ஆகாததைத் தள்ளுங்கள். ஃபோகஸ் போனது, கை ஆடியது, யாரோ குறுக்கே வந்தது. படத்துக்கு இரண்டு நொடி. நல்லதா என்று யோசிக்க ஆரம்பித்தால் 400 படத்துக்கு ராத்திரி போதாது. ஆகாதது என்று தீர்மானிக்கக் கண் உடனே பதில் சொல்லிவிடும். லைட்ரூமில் 'எக்ஸ்' விசை தள்ளுவதற்கு, 'பி' விசை எடுப்பதற்கு. கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்தால் குறித்ததும் அடுத்த படத்துக்குத் தானே நகரும்.

தள்ளியதை அழிக்காதீர்கள். குறி மட்டும் போதும். களைத்த கண்ணும் லேப்டாப்பின் சின்னத் திரையும் சேர்ந்து தப்பாகத் தீர்ப்புச் சொல்லும். அழிப்பதெல்லாம் வீட்டில்.

இரண்டாம் சுற்றில் ஒரே மாதிரி எடுத்தவற்றை ஒப்பிடுங்கள். பாதாமி முதல் குகையின் வெளிப்பக்கம் 18 கைகளோடு ஆடும் நடராஜர் இருக்கிறார். எல்லோரும் அங்கே ஏழெட்டுப் படம் எடுப்பார்கள். சின்ன அளவில் பார்த்தால் ஏழும் ஒன்று போலவே இருக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முதலில் முகம், பிறகு இடது ஓரத்துக் கை, வலது ஓரத்துக் கை என்று மூன்று இடங்களைப் பாருங்கள். முகம் கூர்மையாக இருக்கும் சிலவற்றில் ஓரத்துக் கைகள் மங்கியிருக்கும், பக்கவாட்டில் நின்று எடுத்ததால். மூன்றும் கூர்மையாக இருப்பது ஒன்றோ இரண்டோதான். அதை வைத்துக்கொண்டு மற்றதைக் குறியில்லாமல் விடுங்கள்.

கோயில் வாசலில் எடுத்த தகவல் பலகைப் படங்களைத் தள்ளிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து பட்டடக்கல்லின் எந்தக் கோயில் எது என்று சொல்லப்போவது அந்தப் பலகைதான். அன்றைக்கே இடத்தின் பெயரை மொத்தமாகக் கீவேர்டாகப் போட்டுவிடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம். வீட்டில் போட உட்கார்ந்தால் அரை நாள்.

லேப்டாப் திணறினால் லைட்ரூமில் ஸ்மார்ட் பிரிவியூ உண்டாக்கிக்கொள்ளுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சின்ன ஃபைல்கள் அவை, மூலப் படங்கள் வெளி டிஸ்க்கில் இருந்தாலும் எடிட் செய்யலாம். ஆனால் ஃபோகஸ் சரியா என்று அதில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பொறுக்கிய பிறகு அதற்குப் போங்கள்.

9. எடிட்டுக்கு முன் திரையைச் சரிசெய்யுங்கள்

நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ராத்திரி திரை மஞ்சளாக இருக்கும்போது எடிட் செய்தால், அதைச் சரிக்கட்ட நாமே படத்தில் நீலத்தைக் கூட்டிவிடுவோம். காலையில் பார்த்தால் பாதாமிப் பாறை பிணம் மாதிரி இருக்கும்.

திரை வெளிச்சத்தைப் பயணம் முழுக்க ஒரே அளவில் வையுங்கள். நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைக்கிறேன். இருட்டறையில் முழு வெளிச்சத்தில் எடிட் செய்த படங்கள் மறுநாள் போனில் இருண்டு தெரியும். திரையின் சாய்வும் முக்கியம், விலை குறைந்த பேனல்களில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே நிழல் வெளுத்துப்போகும். கண்ணை முழுதாக நம்பாமல், படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையும் பாருங்கள். வலது சுவரில் மோதி நின்றால் வெள்ளை போய்விட்டது, எந்தத் திரையில் பார்த்தாலும் அது மாறாது.

10. எடிட்: பத்துப் படம், இந்த வரிசையில்

ஒரு ராத்திரிக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஹம்பியில் மாதங்க மலை ஏற வேண்டும்.

முதலில் கிராப்பும் கோணமும். வெட்டப்போகும் மூலையில் இருக்கும் வெளிச்சத்தைச் சரிசெய்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக. கோபுரப் படங்களில் ஒரு எச்சரிக்கை. கீழிருந்து எடுத்த கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரித் தெரியும், மென்பொருளின் தானியங்கித் திருத்தம் அதைச் சரிசெய்கிறேன் என்று பக்கக் கோடுகளை நேராக்க முயலும். கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவது அதன் இயல்பு. அதைப் பெட்டி மாதிரி ஆக்கிவிடாதீர்கள். நடுவில் கலசத்திலிருந்து வாசல் வரை ஒரு கோட்டை மனதில் இழுத்து, அது செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

திருப்புவதிலும் கவனம். ஹம்பி விருபாக்ஷர் கோயிலில் ஓர் இருட்டு அறைச் சுவரில் ராஜகோபுரத்தின் பிம்பம் சின்னத் துளை வழியாகத் தலைகீழாக விழும். அதை எடுத்துவந்த ஒருவர், படம் தலைகீழாக இருக்கிறதே என்று 180 டிகிரி திருப்பி, நேராக்கி, கோபுரம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

இரண்டாவது, எக்ஸ்போஷர். மூன்றாவது, ஒயிட் பேலன்ஸ். வெளிச்சம் சரியான பிறகுதான் நிறத்தைப் பற்றிக் கண் சொல்வதை நம்பலாம், இருண்ட படத்தில் எல்லா நிறமும் கனத்துத் தெரியும். பாதாமியின் சிவந்த மணற்கல் இங்கே ஒரு கண்ணி. ஃபிரேம் முழுக்கச் சிவப்பாக இருந்தால், கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பையே விளக்கொளியின் குறை என்று நினைத்துக் குறைத்துவிடும். வெயிலில் எடுத்தது என்றால் ஆட்டோவை விட்டுவிட்டு 'டேலைட்' கொடுங்கள், கல்லின் நிறம் திரும்பிவிடும். குகை நிழலில் எடுத்தவை நீலம் பாய்ந்திருக்கும், நிற வெப்பநிலையை 6500 கெல்வினுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். யாராவது வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம் ஒன்று அதே வெளிச்சத்தில் இருந்தால் வேலை எளிது. சட்டை வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அதே அளவை மற்றவற்றுக்கும் ஒட்டிவிடலாம். ஜேபெக்கில் மட்டும் எடுத்தவர்களுக்கு இவ்வளவு தூரம் திருப்பக் கிடைக்காது.

நான்காவது, ஹைலைட்டும் (வெளிச்சப் பகுதி) ஷேடோவும் (நிழல் பகுதி). பாதாமியில் குகைக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் படங்களில் தூண் கறுத்து, வெளியே அகஸ்தியர் குளம் வெளுத்திருக்கும். ஹைலைட்டை முதலில் இறக்குங்கள், அதன் பிறகு தேவையான அளவுக்கு மட்டும் ஷேடோவை ஏற்றுங்கள். வரிசையை மாற்றினால் ஷேடோவை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவோம். தூணில் பொடிப் பொடியாக நாய்ஸ் கிளம்பும், குகை குகையாகவே இருக்காது. உள்ளே கொஞ்சம் இருட்டு மிஞ்சட்டும்.

கூர்மையாக்குவது, நாய்ஸ் குறைப்பது, ஆட்களை அழிப்பது, பனோரமா ஒட்டுவது எல்லாம் வீட்டுக்கு. 8 ஜிபி ரேமில் பனோரமா ஒட்ட விட்டால் விசிறிச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிடுவார்.

ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒன்றை முடித்து, அதன் அமைப்பை மற்றவற்றுக்கு சின்க் செய்யுங்கள். படுக்கும் முன் கேட்டலாக் ஃபைலை வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி போடுங்கள். ரா ஃபைலில் நீங்கள் செய்த எடிட் எதுவும் இல்லை, எல்லாம் கேட்டலாக்கில்தான். டார்க்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும், செய்த எடிட்டைக் குறித்துவைக்கும் எக்ஸ்எம்பி என்ற குட்டி ஃபைல் இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

11. வீட்டுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவது

எக்ஸ்போர்ட்டுக்குத் தனி ஃபோல்டர். மூலப் படங்களோடு கலந்தால், எது மூலம் எது சுருக்கியது என்று பிறகு குழம்பும். ஜேபெக், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 80. இந்த நான்கும் போதும். எஸ்ஆர்ஜிபியை விட்டு வேறு நிறவெளி கொடுத்தால் சில இடங்களில் நிறம் வாடித் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னும் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். இடக் குறிப்பை நீக்கும் வசதி எக்ஸ்போர்ட்டிலேயே உண்டு. கோயில் படத்துக்குத் தேவையில்லை, நண்பர் வீட்டில் எடுத்த படத்துக்குத் தேவை.

12. வீட்டுக்கு வந்த பிறகு

தாய் ஃபோல்டரை அப்படியே வீட்டு டிஸ்க்குக்கு ஏற்றி, ஐந்தாம் படியில் செய்த சரிபார்ப்பை மறுபடி செய்யுங்கள். லைட்ரூமில் பயணக் கேட்டலாக்கை வீட்டுக் கேட்டலாக்கோடு சேர்க்க 'வேறு கேட்டலாக்கிலிருந்து இம்போர்ட்' என்ற வழியைப் பயன்படுத்துங்கள். எடிட், குறி, கீவேர்டு எல்லாம் கூடவே வரும். சேர்த்த பிறகு ஃபோல்டரை இடம் மாற்ற வேண்டும் என்றால் லைட்ரூமுக்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியே எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் கேள்விக்குறி போட்டுக்கொண்டு ஃபோல்டரைக் காணோம் என்று நிற்கும். பயந்து திரும்ப இம்போர்ட் செய்யாதீர்கள், செய்த எடிட் அதில் வராது. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, புது இடத்தைக் காட்டிவிட்டால் போதும்.

தள்ளியவற்றை ஒரு வாரம் கழித்து, பெரிய திரையில் ஒரு முறை பார்த்துவிட்டு அழியுங்கள். கார்டுகளை அதற்கப்புறம் கேமராவில் போட்டு ஒவ்வொன்றாக ஃபார்மேட் செய்யுங்கள், எண்ணைப் பார்த்து.